மஞ்சள் தண்ணீர் பட்ட கல்

கல்லில் தண்ணீர் ஊற்றியவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால், அதுவரை என்னை நல்லவள் என்று நம்பிக் கேட்டவர்கள் ஏமாந்துபோவார்கள். என் தம்பியின் மகள் பிறந்த பன்னிரண்டாம் நாள் விடியற்காலை சில்லிட்டுக் கிடந்தாள். அதற்குக் காரணம் என் கையிலிருந்த செம்பு.

மேட்டூர் அணை கட்டி முடித்த வருஷம் அது. எங்கள் ஊர் சேலத்திலிருந்து ஓமலூர் போகிற சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. என் தம்பி மயில்சாமி வெள்ளைக்கல் சூளையில் வேலை பார்த்தான். கரட்டுக் குன்றை வெட்டி வெள்ளைக்கல்லை எடுத்து, சூளையில் போட்டுச் சுட்டு, மூட்டை கட்டி ரயிலேற்றி அனுப்புகிற கம்பெனி. அது எந்த ஊருக்குப் போகிறது, அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தம்பிக்குத் தெரிந்தது சூடு ஒன்றுதான். எந்தச் சூளை இன்றைக்கு ஆறும், எது நாளைக்கு ஆறும், எதன் பக்கத்தில் போகக்கூடாது என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவான்.

நான் அவனுடைய அக்கா, ஆத்தாயி. கல்யாணமாகி நான்காம் வருஷம் என் புருஷன் காலராவில் போய்விட்டார். பிள்ளை இல்லை. வெள்ளைச் சேலையோடு நான் பிறந்த வீட்டுக்குத் திரும்பியபோது தம்பிக்கு எட்டு வயசு. அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போனதும் அவனை வளர்த்து ஆளாக்கி, பெண் பார்த்துக் கட்டிவைத்ததும் நான்தான். தாலி கட்டுகிற நேரத்தில் பின்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் போனேன்.

அவன் பெண்டாட்டி சென்னியம்மாள் நாமகிரிப்பேட்டைப் பக்கத்துப் பெண். தாயில்லாதவள். அதனால் பிரசவம் எல்லாம் எங்கள் வீட்டில்தான். முதல் பிள்ளையை மருத்துவச்சியின் கையிலிருந்து முதலில் வாங்கியது நான். மூன்றாம் நாள் அது போய்விட்டது. இரண்டாவது பிள்ளை பிறக்கும்போதே மூச்சில்லை. அதற்கு முன்னால் பத்து நாளாக அவள் வயிற்றில் எண்ணெய் தடவிவிட்டதும் நான்தான். ஊரில் ஒருவர்கூட என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் வாய்க்குப் பயந்து சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர்கள் சொல்லாததை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். இந்தக் கை பிள்ளைகளுக்கு ஆகாத கை என்று முடிவு கட்டிவிட்டேன்.

மூன்றாவது பிள்ளை மார்கழி பிறந்த மறுநாள் பிறந்தது. ஏழே மாதம். பெண். ஒரு கையில் அடங்கிவிடும் என்று மருத்துவச்சி ராமாத்தாள் சொன்னாள். நான் நிலைப்படிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டேன். பத்தியச் சோறு ஆக்குவது, துணி அலசுவது, சுக்கு இடிப்பது எல்லாம் என் பாடு. பிள்ளையைத் தொடுவது மட்டும் இல்லை என்று எனக்கு நானே கோடு போட்டிருந்தேன்.

"ஏழு மாசத்துப் புள்ளைங்க அம்மிணி. மேலுல சூடு தங்காது" என்றாள் ராமாத்தாள். "ஒரு மாசம் குளிர் அண்டாமப் பாத்துக்கிட்டா தேறிக்கும். இல்லீன்னா கஷ்டந்தான்."

சேர்வராயன் மலையிலிருந்து இறங்குகிற பனிக்கு எங்கள் ஓலைக் கூரை ஒரு பொருட்டே இல்லை. சட்டியில் கரி போட்டுக் கணப்பு வைத்தோம். கதவைச் சாத்தினால் பிள்ளை புகையில் மூச்சு முட்டித் துவண்டது. கதவைத் திறந்தால் குளிரில் நீலம் பாரித்தது. இரண்டு நாள் இப்படித் திறப்பதும் சாத்துவதுமாகப் போயிற்று. இரண்டாம் நாள் சாயங்காலம் ராமாத்தாள் கணப்புச் சட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டாள். இன்னொரு ராத்திரி இந்தப் புகையைக் குடித்தால் பிள்ளை இருக்காது என்றாள்.

தம்பி சூளையிலிருந்து வந்து வாசலில் உட்கார்ந்தான். சோறு வேண்டாம் என்றான். பிறகு என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, சூளையில தீய அணைச்சு ரெண்டு நாளானாலும் அந்தச் செவுத்துல சாஞ்சு படுக்கலாங்க. இந்தப் பனியில நாங்க பாதிப்பேரு அங்கதான் படுப்போம். பொகையில்ல, கங்கு இல்ல. சூடு மட்டும் வந்துக்கிட்டே இருக்கும்."

"அதுக்கு என்னடா இப்ப?"

"அந்தச் சூட்ட ஊட்டுக்குக் கொண்டாந்துட்டா?"

"தூக்குச்சட்டியில ஊத்திக்கிட்டு வருவியா?" என்றேன். என் வாய் அப்படிப்பட்டது. அவன் சிரிக்கவில்லை. எழுந்து மண் குழைக்கப் போய்விட்டான்.

அன்று இரவுக்குள் பிரசவ அறையின் மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மண் தொட்டி எழுந்தது. சுவர் ஒரு சாண் கனம். அடியில் சாம்பலைக் கொட்டிப் பரப்பினான். மேலே மூடுவதற்கு ஒரு தகரமும் அதன்மேல் போட இரண்டு சாக்கும். மறுநாள் சாயங்காலம் தோளில் காவடிபோல ஒரு மூங்கில், அதன் இரண்டு முனையிலும் மண்ணெண்ணெய் டின், டின்னுக்குள் சாம்பல், சாம்பலுக்குள் கல். சூளையின் உட்சுவருக்கு வைக்கிற கனத்த வெள்ளைக் கற்கள் அவை. விரிசல் விட்டால் கழித்துக் குவித்துவிடுவார்களாம். மேஸ்திரியிடம் கேட்டு டின்னுக்கு நான்காக எட்டுக் கல்லைச் சூளை வாயில் மத்தியானத்திலிருந்து காயப்போட்டு, மூன்று மைல் சுமந்துகொண்டு வந்திருந்தான். காலையில் வேலைக்குப் போகும்போது அவற்றைத் திரும்பச் சுமந்து போய் மறுபடி காயப்போட வேண்டும்.

கொல்லைப்புறத்தில் டின்களை இறக்கிவைத்துவிட்டுக் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தான். பிறகு இடுக்கியால் ஒவ்வொரு கல்லாக எடுத்துத் தொட்டியில் அடுக்கினான்.

"சென்னி, பாத்துக்க. மொதச் சாமத்துல மூடியே கெடக்கட்டும், செவுரு விடற சூடே போதும். ரெண்டாஞ் சாமத்துல தகரத்த ஒரு வெரக்கட நவுத்து. கோழி கூப்படறப்ப முழுசாத் தெறந்துரு. அப்பத்தான் குளிரு எச்சு."

அன்றைக்கு ராத்திரி நிலைப்படிக்கு வெளியே படுத்திருந்த நான் உள்ளே தலையை நீட்டிப் பார்த்தேன். வெயிலில் காய்ந்த துணியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டதுபோல இருந்தது. புகை இல்லை. முறத்தில் பழந்துணிக்கு நடுவே அந்தச் சின்னஞ்சிறு பெண் வாயை ஒருமுறை சப்பிவிட்டுத் தூங்கினாள். சென்னியம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அப்போதே தம்பியை எழுப்பிக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

நான் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த நாள் சாயங்காலம் அவன் குளிக்கப் போயிருந்த நேரத்தில் டின்னின் மேல் மூடியிருந்த சாக்கை விலக்கிப் பார்த்தேன். சாம்பலுக்கு நடுவே வெள்ளைவெளேரென்று கல் கிடந்தது. என் புருஷனுக்குப் பால் தெளித்த அன்று எலும்பைப் பொறுக்கிச் சட்டியில் போட்டுக் காவேரியில் கரைக்க எடுத்துப்போனார்கள். பார்க்கக்கூடாது என்று சொல்லியும் நான் எட்டிப் பார்த்துவிட்டேன். அதே வெள்ளை, அதே சாம்பல். போதாக்குறைக்குச் சூளையிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற குறுக்குவழி சுடுகாட்டை ஒட்டித்தான் வருகிறது. இது என்ன சாமானைப் பச்சைப் பிள்ளை படுத்திருக்கிற அறைக்குள் கொண்டுபோகிறான் என்று சாக்கை இழுத்து மூடினேன்.

பிள்ளை பெற்ற வீட்டுக்குள் வெளியிலிருந்து எது வந்தாலும் மஞ்சள் தண்ணீர் தெளித்துத்தான் உள்ளே விடுவோம். தெளிப்பது என்றால் வேப்பிலையால் நாலு சொட்டு. அதோடு முடிந்தது. நான் தெளிக்கவில்லை. டின்னுக்கு ஒரு செம்பு ஊற்றினேன். புஸ்ஸென்று ஆவி கிளம்பி முகத்தில் அடித்தது. ஏதோ வெளியே போகிறது என்று நினைத்துக்கொண்டேன். போனது சூடு.

தம்பி குளித்துவிட்டு வந்தான். கல்லின் மேலே ஈரம் நிற்காது, அந்தச் சூட்டில் உடனே காய்ந்துவிடும். சாம்பல் மட்டும் கொஞ்சம் கட்டிதட்டியிருந்தது. அவன் இடுக்கியால் அதைக் கிளறினான். கல்லை அடுக்கிவிட்டு, உள்ளங்கையைத் தகரத்தின்மேல் சற்று நேரம் வைத்திருந்துவிட்டுப் போனான்.

மறுநாள் டின்னுக்கு ஐந்து கல் வந்தது.

"ஏண்டா, மாடா நீ? இத்தனையும் எதுக்கு?"

"பனி எச்சா இருக்குதுங்கக்கா."

கல் கூடினால் அதோடு வருவதும் கூடத்தானே கூடும்? நான் டின்னுக்கு இரண்டு செம்பு ஊற்றினேன். அவன் ஆறு கல் கொண்டுவந்தான். நான் மூன்று செம்பு ஊற்றினேன். இப்படி எங்கள் இரண்டுபேருக்கும் நடுவில் ஒருவாரம் ஒரு போட்டி நடந்தது. அவன் தோளில் மூங்கில் அழுந்தித் தோல் உரிந்துபோயிற்று. நான் திட்டிக்கொண்டே விளக்கெண்ணெய் தடவிவிட்டேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வலிக்கிறது என்று நினைத்தேன். பிள்ளையும் எப்படியோ நாளைக் கடத்திக்கொண்டு வந்தாள். துணியைப் பிழிந்து சொட்டுச் சொட்டாக விட்ட பாலை விழுங்கினாள். விடியற்காலை மட்டும் கால் கொஞ்சம் சில்லென்று இருப்பதாகச் சென்னியம்மாள் சொல்லுவாள்.

பதினோராம் நாள் சூளையில் சரக்கு மாற்றுகிற முறை. பழைய தீயை அணைத்து, புதிதாகக் கல் அடுக்கி, ராத்திரிதான் மறுபடி தீ வைப்பார்கள். தம்பி வந்ததும் சொன்னான்:

"இன்னைக்குக் கல்லு சுமாருங்கக்கா. நெம்பச் சுடல. ராத்திரி தீ வெக்கறாங்க, நான் போயே ஆகோணும்."

சொல்லிவிட்டு நின்றான். இன்னும் என்னவோ சொல்ல வந்தவன்போல என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் கிணற்றடிக்குப் போய்விட்டான். நான் வழக்கம்போல டின்னுக்கு மூன்று செம்பு ஊற்றினேன். அன்றைக்குப் புஸ்ஸென்ற சத்தம் குறைவாக இருந்தது. கெட்டது குறைந்துவருகிறது என்று சந்தோஷப்பட்டேன். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் கூசுகிறது.

அவன் கல்லை அடுக்கி, தகரம் போட்டு, சாக்குகளுக்கு மேலே தன் கம்பளியையும் மடித்துப் போட்டான். வெறும் துண்டைப் போர்த்திக்கொண்டு பனியில் நடந்து போனான்.

சென்னியம்மாளுக்கு முந்தின நாளிலிருந்தே பால்கட்டிக் காய்ச்சல். சாமம் தாண்டியதும் அவளுக்கு நடுக்கம் கண்டது. கோழி கூப்பிட இன்னும் வெகுநேரம் இருந்தது.

"நங்கையா" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். புருஷனுடைய அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நங்கையா, கல்லு ஆறிப்போச்சுங்க. புள்ள கூப்பிட்டா அசையமாட்டீங்குது."

விளக்கைத் தூண்டிக்கொண்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனேன். தகரத்தைத் தூக்கிவிட்டுக் கையை விட்டேன். கல் கிணற்றங்கரைக் கல்லாகக் கிடந்தது. கையோடு ஈரச் சாம்பல் அப்பிக்கொண்டு வந்தது. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மஞ்சள். மூக்கருகே கொண்டுபோனேன். மஞ்சள்தான்.

எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் சுடுசோற்றில் தண்ணீர் ஊற்றினால் ஆறும் என்று தெரியாதவள் இல்லை. இருபது வருஷமாக அடுப்படியில் நிற்கிறவள், இத்தனை நாளாகச் சூட்டின் தலையிலேயே தண்ணீர் ஊற்றியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்து அழக்கூட நேரம் இல்லை. அடுப்பு மூட்டிக் கல்லைச் சுடவைத்தால் அது ஏற அரைநாள் ஆகும். ராமாத்தாள் வீடு ஊருக்கு மறுகோடியில். சென்னியம்மாள் பிள்ளையை அணைத்துக்கொள்ளப் பார்த்தாள். வேர்த்து வேர்த்து அவள் சேலை, பாய் எல்லாம் ஈரம். பல் கிட்டிக்கொண்டு கை உதறியது.

"நீங்க எடுங்க நங்கையா" என்றாள்.

"என் கை ஆகாது கண்ணு."

"எடுங்க."

"ரெண்டத் தொட்டுத்தான் ரெண்டும் போச்சு. இதையும் என்ற கையில குடுக்காதே."

சென்னியம்மாள் என்னிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. நடுங்கிக்கொண்டே சொன்னாள். "உங்க கை ஆகாதுன்னா ஆறுன கல்லு ஆகுமுங்களா? நான் தூக்கிக் குடுக்கறதுக்குள்ள கை நழுவிரும்போல இருக்குது. புடிங்க."

பிடித்தேன். முறத்திலிருந்து பிள்ளையைத் துணியோடு தூக்கினேன். கனமே இல்லை. துணி ஆறிப்போயிருந்தது. அதைக் களைந்து எறிந்துவிட்டு, என் மாராப்பை விலக்கி, வெறும் நெஞ்சோடு வைத்துச் சேலையைச் சுற்றிக்கொண்டேன். ரவிக்கை போடுகிற வழக்கம் எனக்கு இல்லை. அது நல்லதாகப் போயிற்று. பிள்ளையின் உடம்பு பட்டதும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. இரண்டு பாதமும் சேர்ந்து என் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின. சென்னியம்மாளை என் காய்ந்த சேலை ஒன்றை எடுத்துப் போர்த்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, தம்பியின் கம்பளியை நான் இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரமாகக் குந்தினேன்.

என்னென்னவோ பேசினேன் அந்தப் பிள்ளையிடம். சாமியிடம் பேசவில்லை, அவளிடம்தான் பேசினேன். நான் உனக்குச் செய்தது இது, நீ போய்விட்டால் நானும் கிணற்றில் விழுந்துவிடுவேன் என்றேன். பிறகு அப்படிச் சொன்னது தப்பு என்று தோன்றி, நான் கிணற்றில் விழமாட்டேன், நீயும் போகாதே என்றேன். எத்தனையோ நேரம் கழித்து என் நெஞ்சில் சின்னதாக ஒரு உதை விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. விடிகிற வேளையில் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி அழுதாள். சென்னியம்மாளும் அழுதாள். நான் அழவில்லை. அழுதால் உடம்பு குலுங்கும், பிள்ளை நழுவிவிடும் என்று பயமாக இருந்தது.

வெயில் ஏறும்போது தம்பி வந்தான். கண்ணெல்லாம் சிவந்து, தலையெல்லாம் சாம்பல். நிலைப்படியில் நின்று, பிள்ளை இல்லாத முறத்தைப் பார்த்தான். என் சேலைக்குள்ளிருந்து அவள் தலை எட்டிப்பார்த்ததைக் கண்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"மயிலு, நான் ஒண்ணு சொல்லோணும்" என்றேன். "கல்லு ஆறுனது உன்னாலயில்ல. தெனமும் நான் மஞ்சத்தண்ணி ஊத்தினேன். நீ குளிக்கப் போற நேரம் பாத்து ஊத்தினேன்."

அவன் தலையைத் தூக்கவில்லை.

"தெரியுங்கக்கா" என்றான்.

"என்ன தெரியும்?"

"மொத நாளே தெரியுங்க. சாம்பல் கட்டியாயிருந்துச்சு. கல்லுல மஞ்சக் கறை. தண்ணி பட்ட கல்லு எனக்குத் தெரியாதுங்களா? அதனாலதான் கல்லு கூட எடுத்துட்டு வந்தேன். நீங்க ஊத்துறது போக மிச்சம் இருக்கோணுமில்லீங்க. நேத்தும் மூணாஞ் சாமம் வரைக்கும் தாங்குமுன்னு நெனச்சேன். தாங்கல."

போர்த்தியிருந்த கம்பளியைப் பிள்ளையின் தலைக்கு மேல் இழுத்துவிட்டேன். 

"தெரிஞ்சும் ஏண்டா சொல்லல?"

"எப்படிங்கக்கா சொல்றது?" என்றான். "ஏற்கெனவே நீங்க புள்ளயத் தொடாம வெளியவே நிக்கறீங்க. உங்க கைத் தண்ணியாலதான் கேடுன்னு நான் வாயத் தொறந்து சொன்னா, அப்பறம் நீங்க இந்த ஊட்டுலயே இருக்கமாட்டீங்க. என்னை வளத்த கையிங்க அது. அதைப் போயி எப்படிச் சொல்லுவேன்?"

தோளில் தோல் உரிந்த இடம் தெரிந்தது. தினமும் அதில் எண்ணெய் தடவியது நான். தடவும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டது வலியால் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பிள்ளை மட்டும் நெஞ்சில் இல்லாவிட்டால் எழுந்துபோய் அறைந்திருப்பேன்.

"அட அறிவுகெட்டவனே" என்றேன். "என் மனசு நோகுமுன்னு உன் புள்ளயச் சாகக் குடுப்பியா? எனக்கு நொந்தா ரெண்டு நாளு அழுதுட்டு மூணாம் நாளு சோறாக்குவேன். இவ போனா எந்த நாளு திரும்பி வருவா? அக்கா, கல்லுல தண்ணி ஊத்தாதீங்கன்னு சொல்ல எத்தனை சொல்லுடா வேணும் உனக்கு? நாலு சொல்லு. அதுக்குப் பதிலா நாலு கல்லக் கூடச் சொமந்திருக்கிறே. முட்டாள் பயலே."

திட்டிக்கொண்டே போனேன். அவன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். அவன் கல்யாணத்துக்குப் பிறகு நான் அவனை இப்படித் திட்டியதே இல்லை. இரண்டு பிள்ளைகள் போனதிலிருந்து நானும் அவனுக்கு நோகக்கூடாது என்று வார்த்தையை அளந்துதான் பேசிக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் வாய் நீளம் என்று பேர் எடுத்தவள், சொல்ல வேண்டியவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. கல்லைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று முதல் நாளே நானும் சொல்லியிருக்கலாம். அவனாவது கல்லைச் சுமந்தான். நான் செம்பைத்தான் சுமந்தேன்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்றாள் சென்னியம்மாள் பாயிலிருந்து. "புள்ள முழிச்சுக்கிச்சு."

ராமாத்தாள் வந்து பார்த்தாள். பிள்ளையின் பாதத்தைப் புறங்கையால் தொட்டாள், என் நெஞ்சையும் தொட்டாள். சென்னியம்மாளுக்கு மார்பில் முருங்கையிலையை வதக்கிக் கட்டினாள்.

"அங்கயே கெடக்கட்டுங்க அம்மிணி" என்று என்னிடம் சொன்னாள். "மனுசச் சூடு ஆறாது. அவளுக்குக் காய்ச்சல் விட்டதும் மாத்தி மாத்தி வெச்சுக்குங்க. ராத்திரிக்கு உங்க தம்பி கல்லு போதும்."

அன்று சாயங்காலம் கல் வந்தது. புதுத் தீயில் காய்ந்த கல், டின்னுக்கு நான்கே நான்கு. தம்பி கிணற்றடிக்குப் போகுமுன் என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, கல்லுல தண்ணி ஊத்தாதீங்க" என்றான்.

"சரிடா" என்றேன். "எனக்கு அந்தக் கல்லப் பாத்தாப் பயமா இருக்குது. எலும்பாட்டம் இருக்குது."

அவன் பிறகு டின்களைக் கொல்லையில் இறக்காமல் கிணற்றடிக்குக் கொண்டுபோய், அங்கேயே சாம்பலைத் தட்டிவிட்டு, சாக்கில் சுற்றி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அடுக்கினான். நான் எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வேப்பிலையால் நாலு சொட்டு நிலைப்படியில் தெளித்தேன். எட்டுக் கல்லும் விடிந்து வெயில் வருகிறவரைக்கும் சூடு விட்டது.

அதிலிருந்து பகலெல்லாம் பிள்ளை என்னிடம். சென்னியம்மாள் பால் கொடுத்துவிட்டுத் திருப்பித் தருவாள். பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டே களி கிண்டினேன், முறுக்கிக்கொண்டு நின்ற எருமையை அதட்டினேன், பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டேன். சண்டையில் குரல் ஏறினால் உள்ளேயிருந்து ஒரு உதை விழும். பொங்கல் வந்துபோயிற்று. என் மார்பில் அவள் கன்னம் பட்ட இடம் எப்போதும் கொஞ்சம் வேர்த்திருக்கும். நான் பெறாவிட்டால் என்ன, எனக்கு அது போதும் என்று இருந்தது. அந்த ஒன்றரை மாதம் நான் யாருடைய விதவையும் இல்லை.

தை கடைசியில் ஒரு சாயங்காலம் தம்பி கையை வீசிக்கொண்டு வந்தான். தோளில் மூங்கில் இல்லை.

"கல்லு எங்கடா?"

"இனிக் கல்லு வேண்டாங்கக்கா. நேத்து ராத்திரி கொண்டாந்த கல்லத் தொட்டியில வெக்காம வெறுமனே இருந்து பாத்தோம். விடிஞ்சப்பவும் காலு சூடா இருந்துச்சு. அவ மேலு சூட்ட அவளே வெச்சுக்கறாளாம். ராமாத்தாளையும் வழியில கேட்டேன், சரின்னுட்டா."

நல்லது என்றேன். நிஜமாகவே சந்தோஷம்தான். பிழைத்துவிட்டாள் என்பதற்கு இதைவிட வேறு என்ன சொல்ல வேண்டும்? சேலையை அவிழ்த்தேன். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை எடுத்து அவள் அம்மா பக்கத்தில் பாயில் படுக்கவைத்தேன். குளிருக்காகக் கொடுத்த பிள்ளை. குளிர் போய்விட்டது. நான் இனி எந்தச் சாக்கில் அவளைத் தூக்குவது? மாராப்பைச் சரிசெய்துகொண்டு அடுப்படிக்கு வந்து உலையை ஏற்றினேன். நெஞ்சு வெறிச்சென்று காற்று பட்டுச் சிலிர்த்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விடுகிற புத்தி எங்கள் வம்சத்துக்கே உண்டு போலிருக்கிறது.

பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது. சென்னியம்மாள் பிள்ளையோடு நின்றாள்.

"ஏனுங்க நங்கையா, எதுக்குப் படுக்க வெச்சுட்டு வந்தீங்க?"

"அதான் குளிரு இல்லைன்னுட்டாங்களே."

"இத்தன நாளு அவளுக்குக் குளுந்துச்சு, நீங்க வெச்சிருந்தீங்க. இனி உங்களுக்குக் குளுரும். புடிங்க."

"எனக்கென்ன குளிரு? அடுப்புக்கு முன்னாலதான நிக்கறேன்" என்றேன்.

சென்னியம்மாள் நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றாள். நான் பிள்ளையை வாங்கி மாராப்புக்குள் போட்டுக்கொண்டேன். உலை கொதித்து வழிந்து அடுப்பில் சலசலத்தது. வெகுநேரம் அதை யாரும் இறக்கிவைக்கவில்லை.